மாடு போன வழி, கோவேறு கழுதை போன வழி

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் (இன்றைய குவாசூலு-நேட்டால் மாகாணம்), டோங்காட் ஊரை ஒட்டிய கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மண் தடம் உண்டு. மற்ற தடங்கள் எல்லாம் மேட்டில் நேராக ஏறி மறுபக்கம் இறங்கும். இது மட்டும் ஒவ்வொரு குன்றையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஏறாமல் இறங்காமல் மட்டமாகவே போகும். பல தடவை அதில் வண்டி ஓட்டியும் ஏன் இப்படி என்று நான் யோசித்ததில்லை. ஓர் ஆடி மாதம், கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவார்.

“அது ரோடு இல்ல தம்பி. கரும்பு ட்ராம் போன லைன். எங்கப்பா அதுலதான் வேலை செஞ்சார்” என்றார்.

அடுத்த வாரமே போய் இறங்கிப் பார்த்தேன். ஓடை குறுக்கிடும் இடத்தில், புல்லுக்குள் இரண்டு கரையிலும் கல் கட்டுமானம் நின்றது. பாலத்தின் கால்கள். அத்தனை நாளும் நான் அதற்குப் பக்கத்தில்தான் ஓடையில் இறங்கி ஏறிப் போயிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பழைய தடத்தைப் பார்த்தால், இது எங்கே போகிறது என்று கேட்பதற்கு முன்னால், இதில் எது போனது என்று கேட்கிறேன். மறந்துபோன பாதைகளைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியாது. பாதை எங்கே இருக்கும், எவ்வளவு கடினமாக இருக்கும் என்ற இரண்டுக்கும் பதில் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி அகலமுள்ள தண்டவாளங்கள் ஓடின. பாரம் ஏற்றிய சின்ன எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் குன்றைச் சுற்றிக்கொண்டே போயிற்று. பின்னால் லாரிகள் வந்தன, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மண் மேடை மட்டும் மிஞ்சியது. தோட்டத்துக்கு வெளியேயும் இதே இரண்டடி அகலத்தில் பொது ரயில் இருந்தது. போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து ஹார்டிங் வரை போன 122 கிலோமீட்டர் பாதை அதில் ஒன்று.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அப்போதிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் கரும்பு வெட்டினார்கள், நேட்டால் அரசு ரயில்வேயிலும் வேலை செய்தார்கள். கையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே நடந்தால் கைது செய்யலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. தாங்கள் உழைத்த தடத்தில் தாங்கள் விரும்பிய நேரத்தில் அவர்களால் போக முடியாது. அதே தடத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக வண்டி ஓட்டுகிறேன். இதை நினைக்காமல் என்னால் அங்கே போக முடிவதில்லை.

சரி, எஞ்சின் போன பாதை மட்டமாக இருக்கும். மாடு போன பாதை அப்படி இருக்காது.

தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுத் தடங்களில் பழையவை பல மாட்டு வண்டி போட்டவை. நம் ஊர்க் கட்டை வண்டி மாதிரி ஒரு ஜோடி மாடு இல்லை. 14, 16 காளைகளை ஜோடி ஜோடியாக ஒரே நீள இழுவையில் பூட்டுவார்கள். இவ்வளவு நீளமான வரிசையைக் கொண்டை ஊசி வளைவில் திருப்ப முடியாது. முன் ஜோடிகள் திரும்பி மறுபக்கம் இழுக்கும்போது பின் ஜோடிகள் இன்னும் வளைவுக்குக் கீழே இருக்கும். இழுவை குறுக்கே பாய்ந்து வண்டியையே விளிம்புக்குத் தள்ளும். பக்கச் சரிவிலும் போக முடியாது. பாரம் உயரமாக ஏற்றிய வண்டி கவிழ்ந்துவிடும். அதனால் மாட்டு வண்டிக்காரர்கள் மலையின் முதுகைத் தேடிப் பிடித்து, அதன்மேல் நேராக ஏறினார்கள். இறங்கும்போது பின் சக்கரம் சுழலாதபடி கட்டை கொடுத்து, வண்டியை இழுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அந்த இழுபாடு கல்லில் பதிந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் கேப் டவுனுக்குக் கிழக்கே கான்டோ கணவாய்க்குப் போகலாம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கோய் மக்களின் மொழியில் எலாண்ட் மான் போகும் வழி என்று பொருள். முதலில் மான் போனது, பிறகு மனிதர்கள், பிறகு வண்டிகள். 1830இல் பக்கத்திலேயே சர் லௌரிஸ் கணவாய் திறந்ததும் இதைக் கைவிட்டார்கள். மணற்கல் பாறையில் சக்கரங்கள் அறுத்த பள்ளங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், நடந்துதான் பார்க்க வேண்டும், வண்டி ஏற்றக்கூடாது. ஆனாலும் பழைய தடம் தேடுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அந்தப் பள்ளங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்குப் பிறகு வேறு எங்கே பார்த்தாலும் கண் அடையாளம் கண்டுகொள்ளும்.

கோவேறு கழுதை இதற்கு நேர் எதிர். ஒற்றை வரிசையில், முதுகில் மூட்டையோடு, எவ்வளவு குறுகிய இடத்திலும் திரும்பும். அதனால் அது போன வழி குறுகலாகவும், மலைச் சுவரில் தைத்த தையல் மாதிரி வளைந்து வளைந்தும் இருக்கும். டிராகன்ஸ்பெர்க் மலையில் ஏறி லெசோத்தோவுக்குள் போகும் சானி கணவாய் அப்படிப்பட்டது. உச்சி 2,876 மீட்டர். 1948இல் முன்னாள் போர் விமானி கோட்ஃப்ரி எட்மண்ட்ஸ் ஒரு ஜீப்பை அதில் முதன்முதலாக ஏற்றிக் காட்டினார். அதற்கு முன்னால் அது கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சரக்குச் சுமந்த தடம்தான். இன்றைக்கும் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே விடமாட்டார்கள். மேல் பகுதி வளைவுகளில் நீளமான வண்டிகள் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னுக்கு எடுத்துத் திரும்புவதைப் பார்க்கலாம். அந்த வளைவுகள் கழுதையின் நீளத்துக்கு அமைந்தவை என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் புரியும்.

ஆக, மாட்டுப் பாதையில் சோதனை செங்குத்து. ஏற்றம் நீளும், நடுவில் நிற்க இடம் இருக்காது. கழுதைப் பாதையில் சோதனை அகலமும் வளைவும். ரயில் மேடையில் ஏற்றமே இருக்காது, ஆனால் பாலம் போயிருக்கும். ஒவ்வொரு ஓடையிலும் கரையை வெட்டி இறங்கின மாதிரி ஒரு செங்குத்து காத்திருக்கும். காட்டுத் தோட்டங்களில் புல்டோசர் தள்ளிய தடங்கள் நான்காவது வகை. மரம் வெட்டும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைத் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

தேடலை ஊர்ப் பெயரில் தொடங்குவது நல்லது. டிரிஃப்ட் என்று முடிந்தால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம். நெக் என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்ந்த கழுத்து. பூர்ட் என்றால் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போன இடைவெளி. அவுட்ஸ்பான் என்றால் மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து மேயவிட்டுத் தங்கிய இடம். இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. வழிப்போக்கர்கள் மாட்டை மேய்க்கவும் தண்ணீர் காட்டவும் உரிமை உள்ள இடம் என்று பல பண்ணைகளின் பட்டாப் பத்திரங்களிலேயே அது பதிவாகியிருக்கிறது. பத்திரத்தில் அவுட்ஸ்பான் இருந்தால் அதன் வழியே ஒரு வண்டிப் பாதை போனது என்று பொருள். ஒரு நாள் நடைத் தூரத்தில் அடுத்த தங்குமிடம் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் கண்டுபிடித்து, நடுவில் மலை முதுகையும் ஆற்றுத் துறையையும் பார்த்தால் பாதையை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

கிரிக்வா மக்களின் தலைவர் ஆடம் கோக் 1861இல் ஃபிலிப்போலிஸிலிருந்து தன் மக்களையும் மாடுகளையும் வண்டிகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, டிராகன்ஸ்பெர்க்கைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினார். இன்றைய கோக்ஸ்டாட் அவர் பெயரில் அமைந்த ஊர். அவர்கள் இறங்கிய கணவாயின் பெயர் ஓங்கெலுக்ஸ்நெக். விபத்து நடந்த கழுத்து என்று அர்த்தம். இப்படி ஒரு பெயர் இருந்தால் அங்கே ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது.

பெயருக்கு அப்புறம் வரைபடம். அரசு நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்கள் நாடு முழுவதையும் மூடுகின்றன. தாளின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது சுலபம். சானி கணவாய் இருக்கும் தாள் 2929சிபி. முதல் 29 தெற்கு அட்சம், அடுத்த 29 கிழக்குத் தீர்க்கம். அந்த ஒரு பாகைச் சதுரத்தை நான்காக வெட்டி மேலே ஏ, பி, கீழே சி, டி என்று பெயர் வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி அதேபோல் நான்காக வெட்டுகிறார்கள். ஆக ஒரு சதுரத்துக்கு 16 தாள். தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. உடைந்த கோடாகப் போகும் தடம் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து உயர இடைவெளிகளைத் தாண்டினால், 500 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறுகிறது: ஐந்துக்கு ஒன்று. மண்ணில் அது சுமாரான ஏற்றம். அதே சென்டிமீட்டரில் எட்டு, ஒன்பது என்று எண்ண வந்தால் நான் முதலில் நடந்து பார்க்காமல் வண்டியைக் கொண்டுபோக மாட்டேன்.

ஒரே தாளின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் உண்மையான வேட்டை இருக்கிறது. பழையதில் கோடு இருக்கும், புதியதில் இருக்காது. அல்லது வீடு என்று இருந்தது இடிபாடு என்று மாறியிருக்கும். அங்கே விரலை வைத்துக்கொண்டு வான்படங்களுக்குப் போக வேண்டும். 1930களிலிருந்து எடுத்த வான்படங்கள் அரசுக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்கு நகர்த்திப் பார்க்கும் வசதி. கோடையில் எடுத்த படம் பச்சைப் போர்வை, அதில் ஒன்றும் தெரியாது. இங்கே குளிர்காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. புல் காய்ந்து பழுப்பாகி, பண்ணைக்காரர்கள் தீ வைத்து எரித்த பிறகு எடுத்த படத்தைத் தேடுங்கள். பள்ளமான தடத்தில் ஈரம் தங்குவதால் அங்கே மட்டும் புல் முதலில் துளிர்க்கும். கருகின மலையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். ஐந்தாறு கோடுகள் பின்னல் மாதிரி பக்கம் பக்கமாக ஓடினால் அது மாட்டு வண்டிப் பாதைதான். ஒரு தடம் சேறானால் அடுத்த வண்டிக்காரன் பக்கத்தில் புதுத் தடம் போட்டுக்கொண்டான்.

மரங்களும் சொல்லும். வெட்டவெளிப் புல்மலையில் நாலைந்து தைலமரங்கள் வரிசையாக நின்றால் அங்கே ஒரு வீடு இருந்தது. வீட்டுக்கு ஒரு வழி இருந்தது. ஊட்டியில் சீகை மரம் என்று நாம் சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் மரம் நேட்டாலுக்கும் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கிளறிய மண்ணில் அது முளைப்பதைப் போல வேறெதுவும் முளைக்காது. கைவிட்ட சாலையின் மேலேயே அடர்ந்த சுவராக வளர்ந்து நிற்கும். வான்படத்தில் பார்த்தால் காட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கரும்பச்சை நாடா.

பாதை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஏன் இதை விட்டுவிட்டார்கள் என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் நல்ல சாலை ஒன்று பக்கத்தில் வந்திருக்கும். ஜார்ஜ் நகரத்துக்கு மேலே அவுட்டெனிக்வா மலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1812 வாக்கில் வந்த கிரடாக் கணவாய் மாட்டு வண்டிகளை நொறுக்கிய நேர் ஏற்றம், இன்று நடைபாதை. 1847இல் கட்டி முடித்த மான்டகு கணவாய் கல் சுவர்களோடு இன்னும் மண் சாலையாக இருக்கிறது. 1913இல் ரயில் வந்தது. 1951இல் அவுட்டெனிக்வா கணவாய் என்று தார்ச்சாலை திறந்தார்கள். ஒரே மலையில் நான்கு கோடுகள். இந்த மாதிரி மெதுவாகக் கைவிட்ட பாதை நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அதில் குறை எதுவும் இல்லை, அதைவிட நல்லது வந்தது, அவ்வளவுதான். வெள்ளத்தில் அடித்துப்போய்க் கைவிட்ட பாதை அப்படியில்லை. எந்த இடத்தில் அது தோற்றதோ அந்த இடம் இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும்.

இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். தெற்குக் கடற்கரைக்கு உள்ளே ஒரு பண்ணையில், உரிமையாளரின் அனுமதியோடு, பழைய வாட்டில் தோட்டத் தடம் ஒன்றைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அடுத்த வருடம் அது. குவாசூலு-நேட்டாலில் 400 பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம். என் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி தயாரான ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையே தண்ணீரில் மூழ்கி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. தடம் பார்வைக்குப் பசும்புல்லோடு உறுதியாக இருந்தது. திடீரென்று முன் இடது சக்கரம் தரைக்குள் இறங்கிவிட்டது. கீழே ஒரு பழைய குழாய்ப் பாலம். வெள்ளத்தில் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதன் பக்கவாட்டில் வழி தேடி, மண்ணை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போய்விடும். மேலே புல் வேர் பிடித்திருக்கும் ஒரு சாண் மண் மட்டும் கூரை மாதிரி நிற்கும். கல் அடுக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடி சரிந்து, கடைசியில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து டிராக்டரோடு வந்த ஒரு சூலுப் பெரியவர் எங்களை இழுத்துவிட்டார். “நன்றி, பாபா” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த இடத்தில் மாடு கூட நடக்காது, அதைப் பார்த்திருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டார். உண்மைதான். மாட்டுக் குளம்படிகள் ஓடைக்கு இருபது அடி முன்னாலேயே விலகி, மேல் பக்கமாகச் சுற்றிப் போயிருந்தன. இப்போதெல்லாம் ஓடை தெரிந்தால் நான் முதலில் தேடுவது குளம்படியை.

தண்ணீர் பாதையைக் கெடுக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். சக்கரத் தடம் வாய்க்கால் ஆகும். வாய்க்கால் ஆழமாகி இங்கே டோங்கா என்று சொல்லும் ஓடைப்பள்ளம் ஆகும். இரண்டு தடங்களுக்கு நடுவே எஞ்சும் மேட்டுக்கு ஆஃப்ரிகான்ஸில் மிடல்மனெக்கி என்று செல்லப் பெயர். கையால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, சக்கரத்தைப் பள்ளத்தில் விடாமல் மேட்டின் மேலும் கரை மேலும் வைத்து ஓட்டலாம். கரிசல் மண் வந்தால் கதை வேறு. கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த எனக்கு அது பழகிய மண். இங்கே டர்ஃப் என்பார்கள். மழைக்குப் பிறகு மண் அப்பிக்கொண்டு சக்கரம் உருளாமல் களிமண் உருண்டையாகிவிடும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மற்றபடி சக்கரக் காற்றைக் குறைப்பதுதான் முதல் வேலை. தார்ச்சாலையில் காற்றழுத்தம் 2.2 பார் வைத்திருந்தால், கல் தடத்தில் 1.6, மணலிலும் பாறைப் படியிலும் 1.2 அல்லது இன்னும் கொஞ்சம் குறைவு. காற்று குறையக் குறைய டயர் தரையில் பதியும் நீளம் கூடும், கல்லைக் குத்தாமல் அணைத்துக்கொண்டு போகும். லோ ரேஞ்ச் என்னும் குறைந்த வேகக் கியரில் மெதுவாகப் போவது வண்டிக்கு மட்டுமல்ல, பாதைக்கும் நல்லது. சக்கரம் சுழன்று கிளறிய இடத்தில்தான் அடுத்த மழையில் டோங்கா தொடங்கும்.

அனுமதி பற்றிச் சிலர் தவறாக நினைக்கிறார்கள். மறந்துபோன பாதை என்றால் சொந்தக்காரர் இல்லாத பாதை என்று அர்த்தமில்லை. இந்த நாட்டில் பெரும்பாலான நிலம் தனியாருடையது. அனுமதி இல்லாமல் நுழைவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து எல்லோரும் போய்வந்த வழி பொதுவழி ஆகலாம் என்று ரோமன்-டச்சுச் சட்டத்தில் இடம் உண்டுதான். அதை நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம், பண்ணைக் கேட்டின் முன்னால் அல்ல. குவாசூலு-நேட்டாலில் சூலு மன்னர் பெயரிலுள்ள இங்கொன்யாமா அறக்கட்டளையின் கீழ் ஏறக்குறைய 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அங்கே போவதென்றால் அந்தப் பகுதியின் இன்கோசி என்ற குலத் தலைவரிடமோ அவருக்குக் கீழே உள்ள இன்டுனாவிடமோ முதலில் போய்ப் பேச வேண்டும். போனில் கேட்பது மரியாதை இல்லை. நேரில் போய் உட்கார்ந்து பேசினால் அனுமதியோடு பாதையின் கதையும் கிடைக்கும். டிராகன்ஸ்பெர்க் காப்பகத்துக்குள் பழைய தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வண்டிக்கு இடமில்லை. கடற்கரையும் அப்படித்தான். 2002 ஜனவரியிலிருந்து மணலில் வண்டி ஓட்டுவதற்குத் தடை. தூண்டிலோடு வடகரைக்கு வண்டி ஓட்டிப் போன டர்பன் தமிழர்கள் பலருக்கு அந்தத் தடையில் இன்னும் மனக்குறை உண்டு. ஆமை முட்டையிடும் மணலையும் பறவைக் கூடுகளையும் நினைத்தால் தடை சரி என்றே எனக்குப் படுகிறது.

கண்டுபிடித்த தடத்தை இணையத்தில் போடலாமா? டிராக்ஸ் ஃபோர் ஆப்பிரிக்கா மாதிரி பயணிகள் சேர்ந்து உருவாக்கிய வரைபடங்களால் நானும் பயன் பெற்றவன். ஆனால் ஒரு புல்மலைத் தடம் வருடத்துக்கு நாலு வண்டியைத் தாங்கும், நானூறைத் தாங்காது. சொந்தக்காரர் சம்மதித்தால், தடம் கல்லாக இருந்தால், பகிர்கிறேன். புல்லும் களிமண்ணும் என்றால் இடத்தைச் சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்கு வருத்தம்தான்.

இப்போது என் மேசையில் அண்டர்பெர்க் பக்கத்துத் தாள் ஒன்றின் இரண்டு பதிப்புகள் கிடக்கின்றன. பழையதில் மலை முதுகில் ஒரு வளைவுகூட இல்லாமல் ஏறும் உடைந்த கோடு, கீழே ஒரு டிரிஃப்ட். புதியதில் கோடு இல்லை. பண்ணையின் சொந்தக்காரர் வயதான அம்மா. இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தோம். தேநீர் கொடுத்துவிட்டு, தன் தாத்தா அதில் கம்பளி மூட்டை ஏற்றி வண்டி ஓட்டினார் என்றார். இப்போது போனால் ஒன்றும் தெரியாது, ஆகஸ்டில் புல்லை எரித்த பிறகு வாருங்கள், நானே கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டோங்காட் தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பதினாறு மாடுமா மேல ஏறிச்சு?”